மாறுகண்ணுக்கு ஊசி: எங்கள் பாப்பாவுக்குப் போட்ட அனுபவம்

அக்கா மகளுக்கு மாறுகண். கண் மூக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு சமயம் வலது, ஒரு சமயம் இடது. கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் கண் பிரிவில் அதற்கு பொட்டுலினம் டொக்சின் ஊசி போட்டார்கள். அந்தச் சிகிச்சையையும் அந்தக் கிளினிக்கையும் பற்றித்தான் எழுதுகிறேன். நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவன், டொக்டர் இல்லை. கடைக்கு வரும் தாய்மார் பலர் பாப்பாவைப் பார்த்துவிட்டு "என்ன ஊசி, எங்கே போட்டீங்க, போட்டா சரியாகிடுமா?" என்று கேட்கிறார்கள். கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்ற பிள்ளைக்கு இது நல்ல சிகிச்சை. ஆனால் ஊசி கண்ணை நேராக்கத்தான் உதவும். பார்வையை வளர்ப்பது அதற்கு முன்னும் பின்னும் செய்கிற வேலைகள். அந்த வேலைகளை ஒழுங்காகச் செய்கிற கிளினிக் கிடைத்தால்தான் ஊசிக்குப் பலன்.

பாப்பாவின் கண்ணை முதலில் கவனித்தது நிறை பார்க்கும் கிளினிக்குக்கு வரும் மிட்வைஃப். பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் கண் பற்றிய கேள்விகளும் இருக்கின்றன. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. இவர் ஒவ்வொன்றாகக் கேட்டு, டோர்ச் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, துண்டு எழுதிக் கொடுத்தார். பிறந்த குழந்தைக்குக் கண் அப்படி இப்படி அலைவது சாதாரணம்தான். மூன்று நான்கு மாதம் தாண்டியும் இழுத்துக்கொண்டே இருந்தால் காட்டியே ஆக வேண்டும் என்று அவர்தான் சொன்னார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பெரியவர்கள் "மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிடும்" என்றார்கள். என் அம்மாவும் அதைத்தான் சொன்னார். அக்கா கேட்கவில்லை. அவள் கேட்காமல் போனது பாப்பாவுக்கு நல்லதாகப் போயிற்று. இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்த்தால் சிறுபிள்ளையின் மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணில் பார்வை வளராது. சின்ன வயதில் அதைத் திருப்பி எடுக்கலாம். வயது போகப் போகக் கஷ்டம்.

அந்தக் கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் ஊசிக்கு அவசரப்படாததுதான். முதலில் கருமணி விரிய சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பவர் பார்த்தார்கள். பிறகு கண்ணுக்குப் பின்னால் உள்ள விழித்திரை வரை பார்த்தார்கள். உள்ளே கண்புரையோ கட்டியோ இருந்தாலும் பிள்ளைக்கு மாறுகண் வரும் என்பதால் இதை விடக்கூடாதாம். அந்தக் கட்டி உயிருக்கே ஆபத்தான புற்றுநோயாக இருக்கலாம். ஃபோட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடப் பிந்தாமல் காட்டச் சொல்லி அங்கே வருகிற எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறார்கள்.

பாப்பாவுக்குக் கொஞ்சம் பிளஸ் பவர் இருந்தது. "முதல்ல கண்ணாடி போட்டுப் பார்ப்போம்" என்றார் டொக்டர். பிளஸ் பவர் உள்ள பிள்ளை, தெளிவாகப் பார்க்க முயலும்போது கண்ணை உள்ளே இழுக்கும். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி மட்டும் போட்டாலே கண் நேராகிவிடும், ஊசியும் வேண்டாம், ஒபரேஷனும் வேண்டாம். இதை அங்கேயே பார்த்தேன். கினிகத்தேனையிலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கண்ணாடி போட்டதும் கண் நேராக நின்றது, கழற்றியதும் உள்ளே போனது. அவனுக்கு ஊசி தேவையே இல்லை. ஒன்றரை வயதுகூட ஆகாத எங்கள் பாப்பா, பட்டி வைத்த பிளாஸ்டிக் கண்ணாடியை முதலில் பிடுங்கி எறிந்தாள், பிறகு பழகிவிட்டாள். ஆனாலும் கண் முழுதாக நேராகவில்லை. பிரிசம் என்ற கண்ணாடித் துண்டுகளைக் கண்ணுக்கு முன்னால் மாற்றி மாற்றிப் பிடித்துக் கோணத்தை அளந்தார்கள். அந்தப் பிரிசம் கணக்கில் முப்பதுக்குக் கிட்ட வந்தது. அப்போதுதான் ஊசி என்ற பேச்சே வந்தது.

டொக்டர் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ் தமிழில் எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. கூடாரத் துணியை இரண்டு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பது மாதிரி, மூக்குப் பக்கத் தசை ஒரு பக்கமும் காதுப் பக்கத் தசை மறுபக்கமும் கண்ணை இழுத்துப் பிடிக்கின்றன. பாப்பாவுக்கு மூக்குப் பக்கம் இழுவை கூட. அந்தத் தசைக்குள் மிகச் சிறிய அளவு மருந்தைப் போட்டால், நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டு போகும் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் வெளிவராது. தசை தளரும். இரண்டு மூன்று மாதத்தில் நரம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் தளர்ந்த தசை நீளும், எதிர்ப்பக்கத் தசை சுருங்கும், மூளைக்கும் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அதனால்தான் மருந்தின் வேலை முடிந்த பிறகும் கண் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் நிற்க வழி இருக்கிறது.

"விஷ ஊசியாமே?" என்று மச்சான் கொழும்பிலிருந்து ஃபோனில் கேட்டார். கெட்டுப்போன டின் சாப்பாட்டில் வரும் கிருமியின் விஷம்தான் இது, அதில் ஒளிவுமறைவு இல்லை. அளவுதான் எல்லாம். ஒரு குப்பியில் 100 யூனிட் இருக்கும், கண் தசை ஒன்றுக்குப் போடுவது சில யூனிட்தான். முகச் சுருக்கத்துக்குப் போடுவதாக எல்லோரும் சொல்கிற போடொக்ஸும் இதே மருந்துதான். ஆனால் அது கண்ணுக்காகத்தான் முதலில் வந்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அலன் ஸ்கொட் என்ற கண் டொக்டர், மாறுகண்ணுக்கு ஒபரேஷன் இல்லாத வழி தேடி முதலில் குரங்குகளில் பரீட்சித்து, பிறகு மனிதர்களுக்குப் போட்டு, 1980இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்க அரசு 1989இல் மாறுகண்ணுக்கும், கண்ணிமை தன்னால் இறுக்கி மூடிக்கொள்ளும் நோய்க்கும் அனுமதி கொடுத்தது. அழகு நிலையங்களுக்கு அது போனது அதற்குப் பிறகுதான்.

கடையில் வேலை செய்கிற பழக்கத்தில், பெட்டிக்குள் இருந்த தாளை வாங்கிப் படித்தேன். மாறுகண்ணுக்கு 12 வயதும் அதற்கு மேலும் என்று அதில் இருந்தது. பாப்பாவுக்கோ ஒன்றரை வயது. நேராகவே கேட்டேன். டொக்டர் கோபப்படவில்லை. அந்த அனுமதி பெரிய பிள்ளைகளையும் பெரியவர்களையும் வைத்துக் கொடுக்கப்பட்டது. சின்னப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் கண் டொக்டர்கள் நீண்ட காலமாக இதைப் போட்டு வருகிறார்கள், அது டொக்டரின் பொறுப்பில் எடுக்கிற முடிவு. அதனால்தான் உங்களிடம் எல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறேன் என்றார். கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்காத டொக்டர் கிடைப்பது பெரிய விஷயம். நீங்கள் போகிற இடத்திலும் இதைக் கேளுங்கள்.

மருந்தைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு கவலை இருந்தது. ஒன்று, இது 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து. குப்பியைப் பார்த்தால் வெறுமையாக இருப்பது போலத் தெரியும், அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும்தான். சேலைன் கலந்த பிறகு 24 மணித்தியாலத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதனால் அங்கே ஊசிக்கான பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்து வைக்கிறார்கள். அந்தத் திகதியைத் தவறவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான், சும்மா பிடிவாதம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். இரண்டாவது, கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் வேறு. போடொக்ஸின் ஒரு யூனிட்டும் டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் ஒன்று இல்லை. எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தசை என்று கிளினிக் கொப்பியில் தெளிவாக எழுதியிருந்தார்கள். இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பின்னால் வேறு டொக்டரிடம் காட்ட வேண்டி வந்தால் இந்த ஒரு வரிதான் உதவும். பிள்ளைக்கு வேறு ஏதாவது காய்ச்சல் வந்து ஜென்டமைசின் மாதிரி ஊசி போடப் பார்த்தால், இந்த ஊசி போட்டிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். அந்த வகை மருந்து தசைத் தளர்ச்சியைக் கூட்டும்.

ஊசிக்கு முதல் நாளே வார்டில் சேர்த்தார்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. மயக்க மருந்துக்கு முன்னால் சாப்பாடும் பால்மாவும் ஆறு மணித்தியாலத்துக்கு நிறுத்த வேண்டும், தாய்ப்பால் நான்கு மணித்தியாலத்துக்கு. பசியில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹட்டனிலிருந்து விடிய விடிய பஸ் ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள். வார்டில் தாய்க்கு மட்டும்தான் இடம். ஆண்கள் வெளியில் இருக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். ஆகச் சின்னப் பிள்ளையை முதலில் எடுத்தார்கள். முகமூடி வைத்து வாயுவால் மயக்கி, சில நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். ஊசி கண்மணிக்குள் போவதில்லை. வெள்ளைப் பகுதிக்கு மேல் இருக்கும் மெல்லிய சவ்வு வழியாகப் பக்கத் தசைக்குள் போகிறது. வெளியே கொண்டு வந்தபோது இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்க வெள்ளையில் சின்னதாக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். கட்டு இல்லை, தையல் இல்லை. அன்று பின்னேரம் வரை படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வைத்திருக்கச் சொன்னார்கள், அக்கா தோளில் போட்டுக்கொண்டு வார்டு நடையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள். அடுத்த நாள் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஏறி நாவலப்பிட்டி வழியாக வீடு வந்து சேர்ந்தோம்.

இனி எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய பகுதி. முதல் இரண்டு நாள் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் கண் உள்ளே இழுப்பது குறைந்தது. அந்த வாரம் முடியும்போது கண் எதிர்ப்பக்கமாக, வெளிப்பக்கம் போக ஆரம்பித்தது. கூடவே இடது கண் இமை பாதி சரிந்தது. லயத்தில் ஒருவர் விடாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அழுதுவிட்டார், "நேரா இருந்த இமையையும் கெடுத்துட்டாங்களே" என்று. இரண்டும் வரக்கூடும் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். கண் வெளியே போவது, தசை நன்றாகத் தளர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். இமை சரிவது, மருந்து பக்கத்தில் உள்ள இமைத் தசைக்கும் கொஞ்சம் கசிந்ததால் வருவது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வரும், சில வாரத்தில் தானே மீளும்.

பாப்பா அப்போது தாடையைத் தூக்கி, சரிந்த இமைக்குக் கீழாகப் பார்ப்பாள். அடுப்பில் ரொட்டி சுடும் அம்மாயியைப் பார்க்க வேண்டுமென்றாலும் தலை பின்னால் போகும். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் டொக்டரிடம் ஃபோட்டோ காட்டியபோது அவர் சந்தோஷப்பட்டார். தாடையைத் தூக்குகிறாள் என்றால் அந்தக் கண்ணையும் பயன்படுத்துகிறாள். தூக்குவதை நிறுத்திவிட்டு, இமை கண்மணியை மூடிக்கொண்டே இருந்தால் உடனே கொண்டு வாருங்கள், அந்தக் கண் மறுபடி சோம்பிவிடும் என்றார். விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ, உடம்பு துவண்டாலோ கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கண் தசைக்குப் போடுகிற சின்ன அளவில் அது மிகவும் அரிது. ஊசி முனை கண்ணுக்குள் குத்திவிடுவதும் அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது. அதனால்தான் இதைக் கண் தசை பழகிய டொக்டரைத் தவிர வேறு யாரிடமும், முக்கியமாக முகத்துக்கு ஊசி போடுகிற இடங்களில், கேட்டுக்கூடப் பார்க்காதீர்கள்.

இமை சில வாரத்தில் மேலே வந்துவிட்டது. வெளியே போன கண்ணும் மெல்ல மெல்லத் திரும்பி நடுவுக்கு வந்தது. மருந்தின் வேலை ஓய்ந்த பிறகு அளந்தபோது கோணம் பத்துக்குள் இருந்தது. பத்துக்குள் நின்றால் நல்ல பலன் என்று எடுத்துக்கொள்வார்களாம். தூக்கம் வரும் நேரத்திலும் காய்ச்சல் நாளிலும் இன்னும் லேசாக உள்ளே இழுக்கிறது. மற்ற நேரம் நேராக முகத்தைப் பார்க்கிறாள். முன்பு பந்தை உருட்டினால் பக்கத்தில் தடவித் தேடுவாள், இப்போது கை நேராகப் போகிறது.

ஆனால் இதோடு வேலை முடியவில்லை. இடது கண் பலவீனமாகவே இருந்தது. நல்ல கண்ணை ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் மூடி வைக்கச் சொன்னார்கள். ஊசியைவிட இதுதான் கஷ்டம். பேட்சை ஒட்டினால் பிய்த்து எடுப்பாள். வீட்டில் அழுகை, அக்கா காலையில் கொழுந்து பறிக்கப் போக வேண்டும், மத்தியானம் அதை நிறுக்கத் தராசுக்குப் போக வேண்டும். கடைசியில், தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயாதான் கை கொடுத்தார். காலையில் எல்லாப் பிள்ளைகளும் வந்து சேர்ந்ததும் பாப்பாவுக்கு ஒட்டி, படப் புத்தகத்தையும் கலர் மூடிகளையும் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். மற்றப் பிள்ளைகள் நடுவில் அவள் பிய்க்க மறந்துவிடுவாள். தோட்டத்தில் பிள்ளை வளர்க்கிறவர்கள் மடுவத்து ஆயாவிடம் முதல் நாளே பேசி வையுங்கள். பேட்சைக் கண்ணாடியில் ஒட்டாமல் தோலில் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடுவார்கள். தோல் சிவந்தால் கழற்றும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக் கழற்றினால் போதும்.

அந்தக் கிளினிக்கில் எனக்குக் குறையாகப் பட்டவையும் இருக்கின்றன. ஊசிக்குப் பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று கொடுத்த தாள் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், அக்காவுக்கு வராது. பின்பக்கத்தில் நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன், அது இன்னும் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. எழுத ஆள் இல்லாத தாய் இமை சரிந்ததைப் பார்த்து என்ன நினைப்பாள்? வருகிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் தோட்டத்துப் பிள்ளைகள் என்று தெரிந்திருந்தும் ஒரு தாளைத் தமிழில் அச்சடிக்காமல் இருப்பது சரியில்லை. தமிழ் தெரிந்த மிஸ் லீவில் இருந்த நாளில் நாங்கள் கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்காமலேயே திரும்பி வந்தோம்.

அடுத்தது நம்பர். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தவர்களுக்குத்தான் முதல் நம்பர். பக்கத்தில் இருக்கிறவர்கள் பத்து மணிக்கு வீடு போய்விடுகிறார்கள். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியாவிலிருந்து வருகிற பிள்ளைகள் கடைசியில்தான் உள்ளே போகிறார்கள். அந்த நேரத்துக்குள் பிள்ளை களைத்துத் தூங்கிவிட்டால் கோணத்தை எப்படி அளப்பது? தூரத்துப் பிள்ளைகளுக்குப் பத்து மணிக்குப் பிறகு சில நம்பரை ஒதுக்கி வைத்தாலே போதும். சிகிச்சைக்கு ஒரு சதம் வாங்கவில்லை, உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது, பஸ் காசு போகிறது.

ஒபரேஷனா ஊசியா என்று கேட்கிறவர்களுக்கு. ஒபரேஷனில் தசையைக் கழற்றிப் பின்னால் தள்ளித் தைப்பார்கள். மயக்க நேரம் கூட, ஆறவும் நாள் எடுக்கும், ஆனால் கோணம் பெரிதாக இருந்தால் அதுதான் நம்பகமானது. ஊசி, சின்ன அல்லது நடுத்தரக் கோணத்துக்கும், திடீரென்று வந்த உள் மாறுகண்ணுக்கும், வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு பலவீனமாகி வந்ததற்கும் நன்றாக ஏற்றது. ஊசி போட்டதால் பின்னால் ஒபரேஷன் செய்ய முடியாமல் போகாது. ஒரு ஊசி போதாமல் இரண்டாவது போட வேண்டி வருகிற பிள்ளைகளும் உண்டு, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களோடு வார்டில் இருந்த பொகவந்தலாவைத் தாய் தன் பையனுக்கும் ஊசியே போடச் சொல்லிக் கெஞ்சினார். அவனுடைய கோணம் எங்கள் பாப்பாவுடையதைப்போல இரண்டு மடங்கு. டொக்டர் இணங்காமல் ஒபரேஷனுக்கே திகதி கொடுத்தார். தாய் கேட்டதற்காக ஊசி போட்டு அனுப்பாமல் விட்டாரே, அந்தக் கிளினிக்கை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாப்பாவை மறுபடி அளக்கத் திகதி போட்டிருக்கிறார்கள். கோணம் கூடியிருந்தால் இன்னொரு ஊசியா, ஒபரேஷனா என்று அன்றைய அளவைப் பார்த்துச் சொல்வதாக டொக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா இரண்டுக்கும் சரி என்றுவிட்டாள். அதுவரை கண்ணாடியும் மடுவத்தில் பேட்சும் நடக்கிறது. கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் மிட்வைஃபிடமோ பக்கத்து ஆதார ஆஸ்பத்திரியின் கண் பிரிவிலோ கேட்டுத் துண்டு வாங்கிக்கொண்டு போங்கள். பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியையும், கண் இழுப்பது தெரிகிற மாதிரி வீட்டில் எடுத்த ஃபோட்டோ சிலவற்றையும் மறக்காமல் கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.